பூச்சாண்டிக்கு ஒரு வாய்

ராஜாக்கள் எல்லாம் எங்கோ தூரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சத்தம் எட்டாத ஓர் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. அந்த ஊர் எல்லையில் ஓர் இலுப்பை மரம். மரத்தில் ஒரு பூச்சாண்டி.

பயப்பட வேண்டாம், பிள்ளைகளே. பயப்படும்படி அவனிடம் ஒன்றும் கிடையாது. தலை நிறையச் சடை, பானை மாதிரி வயிறு, அந்த வயிற்றுக்குள் எந்நேரமும் பசி, அவ்வளவுதான். பெயர் ஒட்டடையன்.

இலுப்பைப் பூவைத் தின்று, காற்றைக் குடித்து, அவன் பாட்டுக்கு இருந்தான். ஒரு நாள் பொழுது சாயும் வேளையில், மரத்தை ஒட்டிய வீட்டிலிருந்து நெய் உருகும் வாசனை வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்த வீட்டுக்காரி பெயர் உலகம்மை. அவள் புருஷன் உப்பு வண்டி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் கடற்கரைப் பக்கம் போய்விடுவான். அவர்களுக்கு ஒரே மகள் செல்லி, நாலு வயது. செல்லிக்கு ஊட்டுவது என்பது ஒரு கோட்டையைப் பிடிப்பதற்குச் சமம். ஆனால் உலகம்மையும் லேசுப்பட்டவள் இல்லை. முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து, கீரை என்றே தெரியாமல் ஊட்டிவிடுவாள். பூசணிக்காயைப் பிறை பிறையாக நறுக்கி, "இன்னைக்கு நிலாக் கறி" என்பாள். உள்ளங்கை அகலத்தில் தோசை வார்த்து அதற்கு இரண்டு பூனைக்காது வைப்பாள்.

அப்படியும் பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டால், கிண்ணத்தோடு வாசலுக்குத் தூக்கி வந்து ஆரம்பிப்பாள்.

"நீ தின்னாட்டி காக்காவுக்குக் குடுத்திருவேன்."

ஒரு வாய் உள்ளே போகும்.

"நீ தின்னாட்டி நாய்க்குக் குடுத்திருவேன்."

இன்னொரு வாய் போகும்.

"நீ தின்னாட்டி பூச்சாண்டிக்குக் குடுத்திருவேன். ஏ பூச்சாண்டி! வா, வந்து வாங்கிக்கோ!"

மரத்தின் மேல் ஒட்டடையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பிறந்ததிலிருந்து அவனைக் கண்டு ஓடியவர்கள் உண்டு, கல் எறிந்தவர்கள் உண்டு. வாய் நிறையக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் இல்லை. இவள் கூப்பிடுகிறாள், அதுவும் சாப்பிடக் கூப்பிடுகிறாள்! அவசர அவசரமாக ஓடையில் கை கழுவி, பூவரச இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு, கல்லடிக்குப் பயந்த பழக்கத்தில் வேலி மறைவில் வந்து நின்றான்.

அவன் வருவதற்குள் செல்லி அந்த உருண்டையை 'லபக்' என்று விழுங்கிவிட்டாள். உலகம்மை அவள் வாயைத் துடைத்து உள்ளே தூக்கிப் போய்விட்டாள்.

"சரி, இன்றைக்கு நான் பிந்திவிட்டேன். நாளைக்கு முந்திக்கொள்ள வேண்டும்" என்று ஒட்டடையன் நினைத்தான்.

மறுநாள் முந்தியே வந்தான். காக்காவைக் கூப்பிட்டாள், காக்காவுக்கு நாலு பருக்கை விழுந்தது. நாயைக் கூப்பிட்டாள், நாய்க்கு வழித்த மிச்சம் விழுந்தது. பூச்சாண்டியைக் கூப்பிட்டாள், செல்லியின் வாய் திறந்தது. அந்தப் பேரைக் கேட்டால் மட்டும் அந்த வாய் அப்படித் திறக்கும்!

அதற்கடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. இலவு காத்த கிளி கதைதான். ஒரு வருஷம் முழுக்க ஒட்டடையன் கழுவிய கையோடு வந்தான், கழுவிய இலையோடு திரும்பினான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். பாவம், அவனுக்குக் கைக்கே எட்டவில்லை.

திருடித் தின்ன அவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். உலகம்மை தண்ணீருக்குப் போன நேரம், ஒரு நாள் அடுக்களைக் கதவு திறந்தே கிடந்தது. பானையில் சோறு ஆவி பறந்தது. அவன் எட்டிப் பார்த்தான், மூச்சை இழுத்தான், பேசாமல் மரத்துக்குத் திரும்பிவிட்டான். அவள் பிசைந்து, உருட்டி, பேர் சொல்லித் தரும் அந்த ஒரு வாய்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதை நினைத்தால் அவனுக்கு அழுகை அழுகையாக வரும்.

இப்படி இருக்கையில் செல்லிக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் விட்டது; வாய்க் கசப்பு விடவில்லை. பிள்ளை நூலாய் இளைத்துப் போனாள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து முடிஞ்சது தாயி. இனி சோறுதான் மருந்து. அது உள்ள போகலன்னா என்னால ஆகாது" என்று எழுந்துவிட்டார். புருஷனோ கடற்கரையில் இருந்தான்.

முதல் நாள் உலகம்மை சோற்றைக் குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தாள். "காக்காவுக்குக் குடுத்திருவேன்" என்றாள். "குடுத்திரு" என்றாள் செல்லி.

இரண்டாம் நாள் பூனைக்காது வைத்த தோசை வார்த்து, மேலே கருப்பட்டியைத் தூவினாள். "நாய்க்குக் குடுத்திருவேன்" என்றாள். "குடுத்திரு" என்றாள் செல்லி.

மூன்றாம் நாள் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினாள். வாசலுக்குத் தூக்கி வந்தாள். "பூச்சாண்டிக்குக் குடுத்திருவேன்" என்றாள்.

"குடுத்திரும்மா" என்றாள் செல்லி. தலை துவண்டு தாயின் தோளில் விழுந்தது.

உலகம்மையின் தைரியமெல்லாம் அந்த இடத்தில் உடைந்தது. உருண்டையை உருட்டி வேலிக்கு வெளியே கையை நீட்டி, "ஏ பூச்சாண்டி, வாப்பா! என் பிள்ளைக்கு வேண்டாமாம். நீயாவது வந்து தின்னு!" என்று அழுதாள்.

ஒட்டடையன் வேலி மறைவிலிருந்து இலையோடு வெளியே வந்து நின்றான். நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. உலகம்மை பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். ஆனால் நீட்டிய கையை அவள் இழுக்கவில்லை. அவனுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், அந்த ஒரு வாய். அதிலிருந்து எண்ணெய் அவன் இலையில் ஒரு சொட்டு விழுந்தது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவனுக்கும் எல்லாம் பறந்தது, ஒன்றைத் தவிர. அந்தப் பிள்ளையின் கழுத்தெலும்பை அவன் பார்த்துவிட்டான். பசித்தவன் அவன், பசிக்காமல் போவது எவ்வளவு பெரிய கேடு என்று அவனுக்குத் தெரியும்.

அவன் உருண்டையைத் தொடவில்லை. வேலிக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இலையை விரித்தான்.

"உளுந்தங்களிதானே?" என்றான். "குழியில நல்லெண்ணெய் விட்டிருக்குமே. கருப்பட்டி அடியில தங்கியிருக்கும். கடைசி உருண்டைதான் ரொம்ப இனிக்கும், இல்லையா?"

செல்லி மெல்லத் தலையைத் தூக்கினாள். "பூச்சாண்டின்னா பெரிசா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "நீ தின்னதே இல்லையா?" என்றாள்.

"இல்லை."

"ஒரு வாய்கூட?"

"ஒவ்வொரு தடவையும் எனக்குன்னு சொல்வாங்க. ஒவ்வொரு தடவையும் நீ தின்னுருவ."

செல்லியின் முகத்தில் இரண்டு வாரமாகக் காணாத ஒரு சிரிப்பு வந்தது. அவன் எச்சிலை விழுங்கினான். அது நடிப்பில்லை. அப்படி ஒருவன் ஒரு வாய்ச் சோற்றைப் பார்ப்பதை அந்தப் பிள்ளை அதுவரை பார்த்ததில்லை. ஒருவன் இப்படி ஏங்குகிறான் என்றால் அதில் என்னவோ இருக்கத்தான் வேண்டும்! அவன் மெதுவாகக் கையை நீட்டினான்.

"அது எங்கம்மா உருட்டுனது!" என்றாள் செல்லி. வாய் திறந்தது.

உருண்டை உள்ளே போனது.

இரண்டாவது உருண்டைக்கும் அவன் கையை நீட்டினான். அதுவும் உள்ளே போனது. மூன்றாவதுக்கும் நீட்டினான். கிண்ணம் காலியாகும் வரைக்கும் நீட்டி நீட்டி இழந்தான். கடைசி உருண்டையின் போது மட்டும் நீட்டிய கையை மடக்க அவனுக்கு மனமே வரவில்லை.

உலகம்மைக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையை வாரி எடுத்து, வாயைத் துடைத்து, முத்தம் கொடுத்து, அழுது, சிரித்து, உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலியோரம் ஒருவன் உட்கார்ந்திருப்பது அவளுக்கு மறந்தே போனது. அவளைக் குறை சொல்ல முடியுமா?

ஒட்டடையன் இலையில் விழுந்த அந்த எண்ணெய்ச் சொட்டை மோந்து பார்த்தான். அதைக்கூட நக்காமல் மடித்து எடுத்துக்கொண்டு மரம் ஏறினான். இனி கீழே போவதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. "காக்காவுக்குக் குடுத்திருவேன்" என்று குரல் கேட்டது. "நாய்க்குக் குடுத்திருவேன்" என்று கேட்டது. மூன்றாவது குரலுக்கு முன்பே அவன் கால்கள் இறங்கிவிட்டன. கால்கள் எங்கே சொன்ன பேச்சைக் கேட்கின்றன! போகிற வழியில் கையும் கழுவிக்கொண்டான்.

"நீ தின்னாட்டி பூச்சா..." என்று உலகம்மை தொடங்கினாள்.

செல்லி வாயைத் திறக்கவில்லை. தாயின் கையிலிருந்த கடைசி உருண்டையைத் தானே பிடுங்கினாள். தள்ளாடித் தள்ளாடி வேலிக்கு வந்தாள். அந்தப் பிஞ்சுக் கைக்குள் உருண்டை நசுங்கி, பாதி விரலிடுக்கில் வழிந்து, பாதி மண்ணில் விழுந்து, மிஞ்சியது ஒரு நெல்லிக்காய் அளவு.

"பூச்சாண்டிக்கு" என்று சொல்லி, அதை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு நெடுநேரம் விழுங்காமல் நின்றான். விழுங்கினால் தீர்ந்துவிடுமே!

அதற்குப் பிறகும் அவன் பசி தீரவில்லை, பிள்ளைகளே. முன்னைவிட ஏக்கம்தான் கூடியது. ஆனால் அந்தி வந்தால் வேலியோரம் ஒருவன் கை கழுவி, இலை விரித்துக் காத்திருப்பான். ஊரில் எந்தத் தாய் "பூச்சாண்டி, வா" என்றாலும், எந்தப் பிள்ளை வாய் திறந்தாலும், கையை நீட்டி நீட்டித் தோற்றுப் போவான்.

தன் பசியை அடக்கிப் பிறர் பிள்ளை வயிறு நிறையப் பார்த்தவனுக்குக் கிடைக்கும் ஒரு வாய்ச் சோறு, ஆயிரம் விருந்துக்கு மேல்.