விழுங்காத வாய்

"அம்மா, என் மண்டைக்குள்ள திட்டு மட்டும்தான் தங்கறது. நல்லது எதுவும் தங்க மாட்டேங்கறது."

ரங்கபாஷ்யம் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். அறுபத்திரண்டு வயது. பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் முப்பத்தொரு வருஷம் சமைத்தவர்.

தாமிரபரணிக் கரையில், கீற்றுக் கொட்டகை முன்னால் பேச்சியம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தொன்று. குரு என்றால் தாடி இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் அவளிடமே "குரு எங்கேம்மா?" என்று கேட்பார்கள். "குளிக்கப் போயிருக்காரு" என்று சொல்லி ஒரு மணி நேரம் காக்க வைப்பாள். பாஷ்யம் அப்படிக் கேட்கவில்லை. அதனால் அவரைப் பிடித்துவிட்டது.

"எந்தத் திட்டு? எடுத்து விடுங்க பெரியவரே, கேப்போம்."

அவர் மூக்கைச் சுருக்கினார். அவர் குரலில் தர்மகர்த்தா வந்துவிட்டார்.

"ஏன்யா பாஷ்யம், பெருமாளுக்குச் சர்க்கரை வியாதியா? பொங்கல்ல இனிப்பையே காணோமே!"

கன்னத்தை உப்பினார். பழைய தாசில்தார்.

"ம்ம்... சாம்பாரா இது? ம்ம்... ஆத்துத் தண்ணி இதைவிடக் கெட்டியா ஓடுதேய்யா."

உதட்டைப் பிதுக்கினார். ஐந்து வயதுப் பொடியன்.

"மாமா, இந்த வடையை எறிஞ்சா மாங்கா விழும்!"

பேச்சியம்மை கத்தியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். மொத்தம் பதினோரு குரல் வந்தது. பொடியன் அதைச் சொல்லி இருபது வருஷம் ஆகிறது. எச்சில் தெறித்தது உட்பட அப்படியே இருந்தது.

"சரி. நல்லாருக்குன்னு சொன்னவங்க குரல் ஒண்ணு விடுங்க."

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

"ஒருத்தரும் சொல்லலியா?"

"சொல்லியிருப்பா. அப்போ நான் அடுத்த வேளைக்கு அரிசி களைஞ்சிண்டிருப்பேன்."

"நீங்களும் ருசி பாத்ததில்லியா?"

"ராமா! பெருமாளுக்கு முன்னாடி நாக்குல வைக்கலாமா? கண்ணாலயும் மூக்காலயும்தான் கண்டுபிடிக்கணும்."

"பெருமாள் சாப்பிட்ட பிறகு?"

"பாத்திரம் கிடக்குமே, தேய்க்க."

அவள் சிரிக்கவில்லை.

"தர்மகர்த்தாவுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீங்க."

அவர் துண்டை மடியில் வைத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு வைதேகி வரா. ஏழு மாசம். 'அம்மாவைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுப்பா, என் குழந்தைக்குச் சொல்லணும்'ங்கறா. அவ அம்மா போறச்சே அவளுக்கு ரெண்டு வயசு."

"சொல்லுங்களேன்."

"என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. 'ஊருக்கெல்லாம் பரிமாறுங்கோ, ஆத்துல ஒருத்தி இருக்கான்னு மட்டும் ஞாபகம் வேண்டாம்'னு கோமளா கத்தினது. அன்னிக்குச் சாயங்காலம் ஜுரம். ஒன்பதாம் நாள் போயிட்டா."

இந்தக் குரலை மட்டும் அவர் செய்து காட்டவில்லை.

அன்றைக்குத் திங்கள்கிழமை. பேச்சியம்மை எழுந்து போய் உப்புமா கிண்டிக் கொண்டுவந்தாள்.

"வாயில போடுங்க. நான் கை தட்டற வரைக்கும் விழுங்கக் கூடாது."

"கட்டி தட்டியிருக்கு. உப்பு தூக்கல். கடுகு வெடிக்கலை" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் விழுங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமையும் விழுங்கினார்.

புதன்கிழமை அவள் எலுமிச்சம்பழச் சாதம் ஒரு உருண்டை கொடுத்தாள். அவர் வாயில் போட்டதும், சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டாள். கை தட்டவில்லை.

அவர் காத்திருந்தார். மனசுக்குள் தர்மகர்த்தா தொண்டையைச் செருமினார். வாய் நிறையச் சோறு. அவர் வெளியே வர வழியில்லை. தாசில்தார் எட்டிப் பார்த்தார். அவருக்கும் வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் இஞ்சி தெரிந்தது. அப்புறம் நல்லெண்ணெய். அப்புறம், எங்கோ ஒரு மூலையில், வறுத்த வெந்தயம்.

அவள் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது பாஷ்யத்தின் கண் கலங்கியிருந்தது.

"அடடா, கை தட்ட மறந்துட்டேன்" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டுத் தட்டினாள்.

விழுங்கியதும் அவர் குரல் மாறியது. கோயில் வாசலில் பூ விற்ற செண்பகம்.

"சாமி, இத்தன எடம் கெடக்கு. ஒங்க சுண்டலுக்காவத்தான் இந்த வாசல்ல கடை போட்டேன்!"

"இன்னொரு வாட்டி" என்றாள் பேச்சியம்மை.

சொன்னார்.

"இன்னொரு வாட்டி."

ஒன்பதாவது தடவை அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "போதாதா அம்மா?"

"தர்மகர்த்தாவை எத்தன வாட்டி சொல்லிப் பாத்தீங்க?"

அவர் பத்தாவது தடவையும் செண்பகத்தைச் சொன்னார்.

வியாழக்கிழமை தயிர்சாதம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொட்டகைக்கு மேலே ஒரு மைனா வந்து உட்கார்ந்தது, போனது. வெயில் அவர் முழங்காலிலிருந்து பாதத்துக்கு இறங்கியது. அவர் தோள் மெல்லக் குலுங்கத் தொடங்கியது.

பேச்சியம்மை கை தட்டுவதற்காக இரண்டு கையையும் தூக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சத்தம் வராமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகை முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினாள் வைதேகி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னப்பா, ஏதாவது அகப்பட்டுதா?"

"அக்காரவடிசில் பண்ணின அண்டா. அடியில காந்தல் ஒட்டிண்டிருக்கும் பாரு, அதைச் சுரண்டி ஆத்துக்குக் கொண்டுவந்தேன். நீ அவ மடியில. அவ மூக்குல நெய். என் வாயில ஒரு துண்டு திணிச்சா. நான் செருப்பைப் போட்டுண்டே முழுங்கிட்டேன். 'முழுங்கிட்டேளா? அதுக்குள்ளயா?'ன்னா."

அது அவர் குரல் இல்லை. வைதேகி சட்டென்று நிமிர்ந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அப்புறம்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம் என்னப்பா? மறந்துடுத்தா?"

அவர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"இரும்மா. அவ இன்னும் சிரிச்சு முடிக்கலை."