மாம்பழ சீசன்

மடத்துச் சமையல்காரர் மாசாணத்தின் மனைவி இறந்துபோனாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் மூன்று நாளாக மடத்திலிருந்து சாப்பாடு போனது. கொண்டுபோனவர் சீடர் வைகுந்தநாதன். முப்பது வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

தூக்குச்சட்டி போன கனத்தோடு திரும்பி வந்தது.

"இன்னைக்கும் சாப்பிடலையா?" சுவரில் சாய்ந்தபடி கேட்டார் குரு. அவர் முகத்திலும் மூன்று நாள் களைப்பு.

"பச்சைத் தண்ணிகூட இறங்கல சாமி. இப்படியே போனா மனுஷன் விழுந்துடுவார். ஆறுதல் சொன்னேன். கதவைச் சாத்திட்டார்."

"என்ன சொன்னீங்க?"

சீடர் தொண்டையைச் செருமினார். வகுப்புக் குரல் வந்தது. "ஹியர் டுடே, கான் டுமாரோ! அதாவது மாசாணம், இன்றைக்கு இருப்பது நாளைக்கு இல்லை. நிலையாமையைக் குறிக்கும் தொடர்." குரல் இறங்கியது. "ஒரு உதாரணமும் சொன்னேன்."

"என்ன உதாரணம்?"

"மாம்பழ சீசன்."

குரு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல எழுந்தார். "சட்டியை எடுங்க. போவோம்."

"அர்த்தம் தப்பா சாமி?"

"அர்த்தம் சரி."

"அப்புறம் என்ன?"

குரு நடந்துகொண்டே இருந்தார்.

மாசாணம் கதவைத் திறந்தார். சீடரைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன பழம் வாத்தியாரே?" என்றார்.

குரு தரையில் உட்கார்ந்தார். சீடர் இரண்டு முறை பேச வாயெடுத்தார். இரண்டு முறையும் குரு அவர் கையை அழுத்தினார்.

வாசலில் கிடந்த வெயில் உள்ளே ஏறி வந்தது.

"திங்கக்கிழமை இருந்தா சாமி," என்றார் மாசாணம். "சீப்பு எங்கன்னு கேட்டா. செவ்வாக்கிழமை இல்ல."

"ஆமா மாசாணம்."

"இருந்தா. இல்ல."

"ஆமா."

மாசாணம் வெகுநேரம் அழுதார். அப்புறம் சட்டியை இழுத்து ஒரு கவளம் வாயில் வைத்தார். நிமிர்ந்தார்.

"யாரு வச்ச குழம்பு இது?"

சீடர் மாணவனைப் போல் கை தூக்கினார்.

"கடுகு பொரியவே இல்லையே, வாத்தியாரே," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கவளம் எடுத்தார்.

திரும்பும் வழியில் சீடருக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னதைத்தானே சாமி அவரும் சொன்னார்? அதே வாக்கியம்தானே?"

குரு நின்று மூச்சு வாங்கினார்.

"அவர் சொல்லலாம். நமக்கு 'ஆமா' மட்டும்தான்."