டாக்டரம்மாவின் இரண்டு பாட்டில்கள்

"அந்தப் பொம்பள பொய் சொல்லுது மேடம்," என்றார் மாசிலாமணி.

உப்பளத்து மலேரியா முகாமுக்குச் சிறுநீர்ச் சோதனை கற்றுக்கொள்ள வந்தவர் அவர். தலை நரைத்த ஆய்வகக்காரர். கற்றுக்கொடுக்கும் டாக்டர் ஜமீலாவுக்கு அவர் மகள் வயது. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

"என்ன பொய்?"

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா முழுங்கினேங்குது. சிறுநீர்ல மருந்து இருந்தா என் சொட்டு பட்டதும் சிவப்பாகணும். ஆகல. மஞ்சளாவே நிக்குது."

"காகிதப் பட்டை?"

"அது நீலமாச்சு, மருந்து இருக்குன்னு. அந்தக் காகிதம் எல்லாத்துக்கும் தலையாட்டும் மேடம். சொட்டு நானே கலந்தது. மாத்திரையைத் தண்ணியில கரைச்சு விட்டுப் பார்த்தேன், செக்கச்செவேல்னு ஆச்சு!"

சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. படட்டுமே பெருமை, நல்ல சிவப்புதான் அது.

வாசலில் அந்தப் பேச்சியம்மா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை தின்றும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் வேறு மருந்து தர வேண்டும். தின்னவில்லை என்றால் பழைய மாத்திரையே மறுபடியும். காய்ச்சலுக்குக் கேட்காத மருந்தையே இன்னொரு தடவை கொடுத்தால் அவள் பிழைப்பது கஷ்டம்.

"தின்னதத்தான் தின்னேன்னு சொல்லுதேன்," என்றாள். நடுங்கினாலும் தலை குனியவில்லை.

ஜமீலா உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்து மேசையில் வைத்தார்.

"என்னோட சிறுநீர். இன்னும் மாத்திரை போடல."

பிறகு பேச்சியம்மா தின்ற அதே மாத்திரைகளை எடுத்து, மாசிலாமணி பார்க்கப் பார்க்க விழுங்கினார்.

"மேடம்! உங்களுக்குக் காய்ச்சலே இல்லையே!"

"ஆமா."

சாயங்காலம் இரண்டாவது பாட்டிலும் வந்தது.

மாசிலாமணி முதல் பாட்டிலைச் சோதித்தார். காகிதம் வெளுப்பாகவே இருந்தது. சொட்டும் மஞ்சள்.

இரண்டாவது. காகிதம் நீலமானது.

சொட்டு விட்டார். மஞ்சள்.

இன்னொரு சொட்டு. குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சளேதான். தண்ணீரில் கரைந்த மாத்திரையைக் காட்டிய சொட்டு, உடம்புக்குள் போய் வந்த மருந்தைக் காட்டவில்லை.

"என் கண்ணு முன்னாலதானே மேடம் முழுங்கினீங்க!" என்றார். குழாயைக் கீழே வைத்துவிட்டு, தானே போய் அலமாரியைத் திறந்து புது மருந்தை எடுத்தார். வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

பேச்சியம்மா உடனே வாங்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவர் எதிரில் நேராக நின்றாள். அப்புறம்தான் வாங்கினாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க ஐயா," என்றாள். "முழுங்குதேன்."