மின்னியின் வீங்கிய கால்

காட்டோரப் புல்வெளியில் மின்னி என்று ஒரு புள்ளிமான் குட்டி இருந்தாள். மான் கூட்டங்களின் ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் பத்தே நாள். அவள் முன்னங்காலோ வீங்கிக் கிடந்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மான் வீட்டு வளர்ப்பு அப்படி! பிறந்த அன்றே குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்து, "நான் வர்ற வரைக்கும் மூச்சு விடாதே" என்று சொல்லிவிட்டுத் தாய் மேயப் போய்விடும். பூச்சி கடித்தாலும் முள் குத்தினாலும் குட்டி வாய் திறக்காது. அப்படிக் கிடந்தால்தான் நல்ல பிள்ளை என்று பெயர். மின்னி ரொம்ப நல்ல பிள்ளை.

ஓட்டம் சொல்லிக்கொடுக்க வந்த கடமான் வாத்தியாருக்கு அது வசதியாகப் போயிற்று. நாலு பந்தயம் ஜெயித்தவர் என்பதால் கூட்டமே அவருக்குத் தலையாட்டியது. அவர் மின்னியை மட்டும் தனியே குன்றுக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போவார்.

"வாத்தியாரே, கால் வலிக்குது."

"வலிக்கத்தான் செய்யும், ஓடு. வீட்டுல சொன்னே, உங்கம்மா உன்னைப் பந்தயத்துக்கே விடமாட்டா."

நின்றால் முதுகில் கொம்பால் ஒரு குத்து விழும்.

சாயங்காலம் திரும்பினால், "பந்தயக்காரி நம்மகூட எங்க சேரப்போறா" என்று தோழிகள் ஒதுங்கிப் போவார்கள். மின்னி புதருக்குள் காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். ஆனாலும் உலகத்தில் தனக்கு யாருமே இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பாவம், அழவும் பழகவில்லை.

குன்றுக்கு அந்தப்பக்கம் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. வாய் ஓயாத குருவி. நொண்டுவதையும் குத்துவதையும் பார்த்துவிட்டு அது நேரே அம்மா மானிடம் பறந்தது.

"ஏம்மா, உம் பொண்ணு மூணு காலால ஓடுறா, தெரியுமா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"நீ என்னைக்காவது கேட்டியா?"

அம்மா விழுந்தடித்து ஓடினாள். குட்டிக்கும் கொம்புக்கும் நடுவில் போய் நின்றாள்.

வாத்தியார் அசரவில்லை. "பத்து நாள் பொறுத்துக்கங்க. நம்ம கூட்டத்து கௌரவம் என்னாகிறது?"

"கௌரவம் வேணும்னா நீங்க ஓடுங்க" என்றாள் அம்மா.

அதன்பிறகு யாரும் அவரிடம் குட்டியை விடவில்லை. பயிற்சி இனி எல்லார் கண்ணெதிரேதான் என்று கூட்டம் முடிவு செய்தது.

பந்தயத்தன்று எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் மின்னியோடு தங்கினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

அம்மா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் காலை நக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டாள். மின்னி தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் முறை கேட்டபோது, "ரொம்ப வலிக்குதும்மா" என்று அந்தக் குட்டி வாய்விட்டு அழுதது. அழுது முடிக்கும்வரை அம்மா அங்கேயே இருந்தாள்.

பிள்ளை வாய் திறப்பதில்லை என்று பெருமைப்படுகிறவர்களால் அல்ல, எங்கே வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களால்தான் அதைக் காப்பாற்ற முடியும்.