மூட்டைக் கயிறு

“அம்மா, நான் ஊருக்குப் போறேன்” என்றார் வைரக்கண்ணு.

திலகவதி அம்மா நிமிர்ந்து பார்த்தார். மலை மேலிருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. வயதில் வைரக்கண்ணுவுக்கு மகள் போலத்தான் இருப்பார். ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா.

“என்ன ஆச்சு?”

“இங்க எனக்கு மனசு நிலைக்கலை. மூட்டையைக் கட்டிட்டேன்.”

வைரக்கண்ணு காவிரிக்கரை விவசாயி. மனைவி அஞ்சலை இறந்துபோன பிறகு அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையேறினார். இங்கேயும் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் மனம் ஊரைச் சுற்றியது. ஊருக்குப் போனால் அது மலையைச் சுற்றும் என்பதும் அவருக்குத் தெரியாமலில்லை.

முந்தின நாள் காற்றில் பலாமரத்தின் கிளையொன்று முறிந்து முற்றத்தில் கிடந்தது. அதில் ஒட்டி வளர்ந்திருந்த ஓர் ஆர்க்கிட் செடியும் அதோடு விழுந்திருந்தது. அம்மா அதை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“போறதுக்கு முன்னாடி இதைப் பொழைக்க வெச்சிட்டுப் போங்க.”

வைரக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. உவர் நிலத்தில் நெல் விளைவித்தவர் அவர். ஆர்க்கிட்டைத் தொட்டதில்லைதான். ஆனால் செடி என்றால் செடிதானே.

நல்ல தொட்டியாகப் பார்த்து எடுத்தார். ஓடைக்கரை வண்டலைக் கொண்டுவந்தார். சாணி எருவைக் கலந்தார். வேர் வெளியே தெரிவது மானக்கேடு என்பதுபோல அத்தனை வேரையும் உள்ளே அழுத்தி மூடினார். காலையிலும் மாலையிலும் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டார்.

இலைகள் மஞ்சளாயின. வேர்கள் கொழகொழத்தன.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனார். “நான் மண்ணுல என்னம்மா குறை வெச்சேன்?”

“மண்ணை வெச்சதுதான்.”

அம்மா செடியைப் பிடுங்கிக் கழுவினார். அழுகிய வேர்களை நறுக்கி எறிந்தார். மிஞ்சியது இரண்டு மூன்றுதான். செடியைக் கொண்டுபோய்ப் பலாமரத்தின் பட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“கட்டணும். அந்தக் கயிறைக் குடுங்க.”

அவர் கை நீட்டியது திண்ணையில் கட்டிவைத்திருந்த வைரக்கண்ணுவின் மூட்டையைப் பார்த்து.

“அது அஞ்சலை கயிறும்மா. அவ சேலையைக் கிழிச்சு அவளே திரிச்சது.”

“அப்ப மெத்துன்னு இருக்கும். செடிக்கு வலிக்காது.”

“நான் ஊருக்குப் போகணுமே.”

“செடி மரத்தைப் பிடிச்சதும் அவுத்து எடுத்துக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் ஒரு கை தண்ணி தெளிங்க, போதும்.”

வைரக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் மூட்டையை அவிழ்த்துக் கயிற்றைக் கொடுத்தார். அந்தக் கயிறில்லாமல் மலையிறங்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு அதே வேலை. விடிந்ததும் மரத்தடிக்குப் போவார். கயிற்றைத் தளர்த்துவார். செடியை ஆட்டிப் பார்ப்பார். அது ஆடும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கட்டுவார்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இவர் கை மட்டும் தினமும் தவறாமல் அந்தச் செடிக்குப் போனது.

கடைசியில் பொறுமை போயிற்று. “இது பிடிக்காதும்மா.”

“எப்படித் தெரியும்?”

“தினம் ஆட்டிப் பாக்குறேனே.”

அம்மா அவரை எதிரே உட்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார்.

மூடினார். சற்று நேரத்தில் ஒரு கை அவர் தோளைப் பிடித்து உலுக்கியது.

“மனசு நின்னுடுச்சா?”

“இல்லைம்மா.”

மறுபடி மூடினார். மறுபடி உலுக்கல். “இப்ப?”

“இல்லை.”

மூச்சு கொஞ்சம் அடங்கி வரும்போதெல்லாம் தோளில் கை விழுந்தது. எத்தனை முறை என்று அவர் எண்ணவில்லை. எதிரே இருப்பது குரு என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

“நீங்க கையை வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்தாத்தானே நிக்கும்!”

மடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து, அடுப்பில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்விட்டார்.

வைரக்கண்ணு எழுந்து மரத்தடிக்குப் போனார். முதல் முறையாகச் செடியைத் தொடாமல் பார்த்தார். புதிதாக விட்ட வேர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பச்சை நுனியும் அவர் கட்டைவிரல் படும் இடத்தில் முறிந்திருந்தது.

அவமானமாக இருந்தது. செடியிடம் மன்னிப்புக் கேட்டார். வயலில் பாடுபட்ட காலத்தில் ஒரு பயிரிடமும் அவர் கேட்டதில்லை.

அதன்பின் தண்ணீரைத் தெளித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். தன் கையை அவர் நம்பவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மடத்துக் கூரை ஒழுகியது, ஏறி ஓடு மாற்றினார். நனைந்த வேட்டிக்கு மாற்று வேண்டியிருந்தது, மூட்டையிலிருந்து ஒன்றை உருவினார். இன்னொரு நாள் துண்டு. கயிறில்லாத மூட்டை தானே பிரிந்துகொண்டது. மிளகு பறித்தார். எல்லோரோடும் உட்கார்ந்து கண்ணை மூடினார், நேரமானதும் எழுந்து சாப்பிடப் போனார். அந்த மழைக்காலம் போய் இன்னொன்றும் போனது.

வெயில் தொடங்கிய ஒரு காலையில், தண்ணீர்ச் செம்போடு போனவருக்கு வாசனை அடித்தது.

இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு நீண்டிருந்தது. அதில் வரிசையாகப் பூக்கள். பழுப்பு இதழ்களில் கட்டம் போட்ட கோடுகள், நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நாக்கு.

ஏக்கர் ஏக்கராகக் கதிர் முற்றியதைப் பார்த்த மனுஷன் செம்பைக் கீழே போட்டார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓவென்று கத்தினார். மடமே ஓடிவந்தது. பாம்போ என்று ஒருவர் தடியோடு வந்தார். சமையல்காரர் பூவைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பூசை மணியை எடுத்துவந்து அடித்தார். வைரக்கண்ணுவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாய் சிரித்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகமில்லை.

கடைசியாக அம்மா வந்தார். “பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்.

வைரக்கண்ணு பார்த்திருக்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே எப்போதோ போயிருந்தது.

அம்மா செடியைப் பிடித்துப் பலமாக ஆட்டினார். பூக்கள்தான் ஆடின. வேர்கள் பட்டையில் நாலாபக்கமும் ஓடி ஊன்றியிருந்தன.

கயிற்றைக் காணோம். ஏதோ ஒரு மழையில் இற்று விழுந்திருந்தது. ஒரு வேரின் அடியில் மட்டும் அஞ்சலையின் சேலை நூல் ஒன்று நீலமாகத் தெரிந்தது. வைரக்கண்ணு அதை விரலால் தொட்டார். வேர் அதையும் சேர்த்துப் பிடித்திருந்தது. இழுக்காமல் விட்டுவிட்டார்.

“செடி பொழைச்சிருச்சு” என்றார் அம்மா. “நீங்க சொன்னபடி புறப்படலாம்.”

முற்றத்துக் கொடியில் எல்லோருடைய துணிகளோடும் அவருடைய வேட்டியும் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. வைரக்கண்ணு கீழே கிடந்த செம்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எங்கேம்மா?” என்று கேட்டார்.