சிறுத்தையின் ஒரே ஓர் அடி

காட்டில் மழை பொய்த்த வருடம் அது. குளங்கள் எல்லாம் வற்றி, பாறைக்கு அடியில் ஒரே ஒரு குழியில்தான் தண்ணீர் நின்றது. அந்தக் குழியின் ஓரத்திலேயே சிறுத்தை படுத்துக்கொண்டது.

விலங்குகள் கூடிப் பேசின. தண்ணீருக்கு வருகிறவர்களைத் தொடக்கூடாது என்று சிறுத்தையிடம் கேட்டுக்கொண்டன. சிறுத்தை சம்மதித்தது. ஆனால் யாராவது முதுகைக் காட்டி ஓடினால் தன் கை தானாகவே போய்விடும், அதை அடக்கத் தன்னால் முடியாது என்றது. சரி, ஓடுகிறவரை அடிக்கலாம், ஆனால் ஒரு மாலைக்கு ஒரே ஓர் அடிதான் என்று முடிவானது. அன்றிலிருந்து எல்லோரும் குடித்துவிட்டு, சிறுத்தையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போனார்கள்.

ஒருநாள் முயலுக்குச் சேற்றில் கால் வழுக்கியது. அது ஓடவில்லை, சறுக்கித்தான் போனது. சிறுத்தை அடித்துவிட்டது.

"வழுக்கினா என்ன, ஓடினா என்ன? என் கைக்கு எட்டுற இடத்தை விட்டு யார் நகர்ந்தாலும் கை போயிடும். நான் என்ன பண்ண?" என்றது.

முயல் நொண்டிக்கொண்டே தப்பித்தது.

மறுநாள் மாலை சருகுமான் தன் குட்டியோடு வந்தது. தாகத்தில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. தண்ணீராவது கொடுக்காவிட்டால் குட்டி பிழைக்காது. ஆனால் குட்டிக்குப் பின்பக்கமாக நடக்க இன்னும் தெரியாது. இரண்டும் குடித்து முடித்தன. தாய் சிறுத்தையிடம் பேச்சுக் கொடுத்தது.

"அண்ணே, பயமா இருக்கு, அதான் கேக்குறேன். யார் நகர்ந்தாலும் கை போயிடுமா? நீங்க வேணாம்னு நெனச்சாலும்?"

"போயிடும். அடக்கவே முடியாது."

"ஒருத்தரை அடிச்சுட்டா, இன்னிக்கு அப்புறம் அடி கிடையாது இல்லையா?"

"எனக்கு ஒண்ணே போதும்" என்றது சிறுத்தை, குட்டியைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்தில் அழுங்கு குடித்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி கெட்டிச் செதில்கள். சருகுமானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அது முதுகைக் காட்டி ஆடி அசைந்து கிளம்பியது.

சிறுத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"என்னண்ணே, கை வரலையே?" சருகுமானுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டது.

"அதைப் போய் யார் அடிப்பா? நகம் பேந்துடும்."

"அப்ப கையை அடக்கத் தெரியுது. நேத்து என்னை மட்டும் ஏன் அடிச்சே?" என்றது புதருக்குள்ளிருந்து முயல்.

தண்ணீருக்குக் காத்திருந்த காட்டுப்பன்றிகளும் கடமான்களும் சிறுத்தையை முறைத்தன. கை அடங்கும் என்று ஒப்புக்கொண்டால், இனி எந்த மாலையிலும் அதற்கு அடிக்க அனுமதி கிடையாது. வேறு வழியில்லாமல் சிறுத்தை கையை ஓங்கியது. அழுங்கு சட்டென்று பந்தாகச் சுருண்டது. விழுந்த அடியில் உருண்டு போய், சரிவில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல நடந்தது. சிறுத்தை நகத்தை நக்கிக்கொண்டது.

"கண்ணு, இப்ப ஓடு. எப்படி வேணாலும் ஓடு" என்றது தாய்.

குட்டி சிறுத்தையின் மூக்குக்கு முன்னாலேயே துள்ளித் துள்ளி ஓடியது. தாயும் அதன் பக்கத்தில் நேராகவே நடந்து போனது. அடுத்த மழை வரும்வரை, தினமும் அழுங்குதான் எல்லோருக்கும் முன்னால் கிளம்பியது.

தன் வசதிக்குச் சட்டத்துக்குப் பொருள் சொல்கிறவர் அதே பொருளுக்குத் தாமும் கட்டுப்பட்டாக வேண்டும். அதனால் பயமாக இருந்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.