கோமதி வைத்துவிட்டுப் போன தூக்கு

ஆவுடையப்பன் கல்லூரியில் உளவியல் நடத்தியவர். மனிதன் ஏன் சிரிக்கிறான், ஏன் அழுகிறான், எதற்காக ஓடியாடி உழைக்கிறான் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியே தலை நரைத்துப் போனார். ஓய்வு பெற்றதும், புத்தகத்தில் இல்லாத மிச்சத்தையும் தெரிந்துகொண்டுதான் மறுவேலை என்று, வீட்டை விட்டு மலையடிவாரத்தில் இருந்த சாமியாரம்மா பிரமு அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிட வயதில் சின்னவர். அதையெல்லாம் தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மையின் குடிலில் அடுப்பு கிடையாது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவதுதான் சாப்பாடு. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் வராமலே போனவர்களின் பாத்திரங்கள் சுவர்ப்பலகையில் கவிழ்ந்து கிடந்தன.

தினமும் மத்தியானம் அம்மை ஒரே கேள்விதான் கேட்பார்.

“சோத்தோட கூட என்ன வந்திருக்கு, ஐயா?”

கொண்டுவந்தவர் மனதில் இருந்ததைச் சோற்றில் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பாடம். ஆவுடையப்பன் அதில் கெட்டிக்காரராகிவிட்டார்.

“பயம், அம்மா. மகனுக்குப் பரீட்சை வருதாம்.”

“பெருமை. நெய்யை மேலே தெரியுற மாதிரி ஊத்தியிருக்காங்க.”

“மாமியாருக்குச் சோறு போடாத குத்தவுணர்ச்சி.”

அம்மை தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். ஆவுடையப்பன் மட்டும், கெட்டது கலந்திருப்பதாகக் கண்டுபிடித்த சோற்றைத் தொடமாட்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவராகப் பிடித்துக்கொண்ட விரதம். சுத்தமான சோறு எப்போதாவதுதான் வந்தது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். இளைத்ததிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மட்டும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

ஒருநாள் அவர் மனைவி கோமதி வந்தாள். வெயிலில் நடந்து கறுத்த முகம். கையில் ஒரு தூக்கு.

“சங்கரிக்குக் கல்யாணம் முடிவாயிட்டு. பிள்ளைய தாரை வாத்துக் குடுக்க நீங்க வரணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

மகள் பெயரைக் கேட்டதும் தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டார். அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. மனைவியின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“நீ எனக்காக வரலை, கோமதி. பொண்ணோட அப்பா எங்கேன்னு சம்பந்தி வீட்டுல கேப்பாங்க. ஊரு பேசும். அந்தப் பயத்துலதான் வந்திருக்கே. நல்லா யோசிச்சுப் பாரு.”

கோமதி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

“ஆமா. அந்தப் பயமும் இருக்கு.”

“பாத்தியா!” என்றார். பையன்கள் சரியான பதில் சொன்னால் வகுப்பில் வருமே, அதே குரல்.

கோமதி தூக்கைக் கீழே வைத்தாள்.

“நீங்க வர வேண்டாம். எங்க அண்ணன் நின்னுக்கிடுவாக. நீங்க வந்தா, பிள்ளை புறப்படும்போது அழுமே, அது எதுக்கு அழுதுன்னும் பந்தல்ல வச்சுச் சொல்லிருவீங்க.”

திரும்பிப் பார்க்காமல் போனாள். சற்று நேரத்தில் ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

அம்மை வந்து உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். புளிச்சோறு.

“சோத்தோட கூட என்ன வந்திருக்கு, ஐயா?”

“பயம், அம்மா. ஊர்ப்பேச்சுக்குப் பயம். அவளே ஒத்துக்கிட்டா.”

“சாப்பிடலையா?”

“வேண்டாம்.”

அம்மை இலையில் கொட்டிக்கொண்டு சாப்பிட்டார். அவசரமே இல்லாமல், ருசித்துச் சாப்பிட்டார். கடைசிக் கவளத்தை வழித்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நல்ல கைப்பக்குவம். ஆனா புளிச்சோத்துக்குக் கடுகு தாளிக்கிறதில்லையா உங்க வீட்டுல?”

ஆவுடையப்பனின் நாக்கு தானாகக் கடைவாய்ப் பல்லைத் தேடிப் போனது. அங்கே ஒரு சொத்தை. கடுகு போய் மாட்டிக்கொண்டால் உயிர் போகிற வலி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பில் கடுகு வெடித்ததே இல்லை. இத்தனை காலமும் உட்கார்ந்து தின்றவர், இது எதனால் என்று ஒருநாளும் கரும்பலகையில் போட்டுப் பார்த்ததில்லை.

“அம்மா, அப்ப நான் கண்டுபிடிச்சது தப்பா?”

“தப்பில்ல. பயம் இருந்துச்சு.”

“அப்ப இது?”

“இதுவும் இருந்துச்சு.”

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

“நீங்கதானே சோத்துல என்ன இருக்குன்னு பாக்கச் சொன்னீங்க?”

“பாக்கச் சொன்னேன். பட்டினி கிடக்கச் சொல்லலையே.”

“நான் கல்யாணத்துக்குப் போறேன்.”

“எதுக்கு?”

மகளுக்காக என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளே பார்த்தால், மச்சான் தன் இடத்தில் நிற்கப்போகிற அவமானம் முதலில் தெரிந்தது. அதை ஒட்டி ஊர்ப்பேச்சுக்குப் பயம், கோமதியிடம் பிடித்துக் காட்டிய அதே பயம். சங்கரியும் அங்கே எங்கோ இருந்தாள். அவளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக் காட்ட அவரால் முடியவில்லை.

தூக்கை இழுத்து உள்ளே பார்த்தார். ஒரு பருக்கைகூட இல்லை.

“கொஞ்சம்கூட மிச்சம் வைக்கலையா, அம்மா?”

“நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே, ஐயா.” அம்மை கை கழுவ எழுந்தார். “தூக்கைக் கழுவிப் பலகையில மத்த பாத்திரங்களோட கவுத்து வச்சிருங்க.”